அம்மனுக்கு நாங்கள் போட்ட கை

இதை எழுத வேண்டும் என்று பேனாவை எடுப்பதும், சாமி விஷயமாச்சே என்று மூடி வைப்பதுமாகவே பல வருஷம் ஓடிவிட்டது. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். ஒரு சொல் கூடக் குறைய விழுந்துவிட்டால் அம்மன் மனசு நோகுமோ என்கிற பயம் ஒரு பக்கம். செக்கிங் டேபிளில் நின்றவளுக்கு எழுத என்ன இருக்குது என்கிற கூச்சம் இன்னொரு பக்கம்.

போன வாரம், அப்போது என்கூட வேலை பார்த்த அற்புதராஜ் போன் பண்ணினார். "ஏனுங்க்கா, எழுதறேன் எழுதறேன்னு நீங்க சொல்லிச் சொல்லி எனக்கு மண்டையே வெளுத்துப்போச்சு. நான் இருக்கறப்பவே எழுதீட்டா நானும் படிப்பனுங்க்கா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்துவிட்டு, அம்மனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இப்போது பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வருகிற பிள்ளைகள் படித்தால் சந்தோஷம்.

ஒழுகின பெயிண்ட்

பெருமாநல்லூர் ரோட்டில் எங்கள் பிரிண்டிங் யூனிட் இருந்தது. நாங்கள் துணி தைப்பதில்லை. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெட்டின பீஸ் கட்டுக்கட்டாக வரும். அதில் படம் அடித்து, சூட்டில் காய வைத்து, செக் பண்ணித் திருப்பி அனுப்புவோம். தையல் எல்லாம் அங்கே. ஓனர் சின்னச்சாமி அண்ணன். போர்வெல் வற்றிப்போய் தோட்டத்தை விட்டவர். குரல் பெரிசு, மனசு அவ்வளவு கெட்டி இல்லை. நான், சரசு, செக்கிங் இன்சார்ஜ். என் டேபிளில் இருந்தவர்களில் மாரக்காவை மட்டும் சொன்னால் போதும். பீஸில் கறை இருந்தால் ஸ்பாட் கன்னில் கெமிக்கல் அடித்துக் கறையை எடுக்கிற வேலை அவளுடையது. அவள் வாய்க்கு அந்தக் கெமிக்கலே பரவாயில்லை என்பார்கள்.

அற்புதராஜ் எங்கள் ஆர்ட்டிஸ்ட். பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர், கொடுக்கிற படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி ஃபிலிம் எடுத்துக் கொடுப்பார். அதை வைத்துத்தான் துணியில் இங்க் இறக்குகிற ஸ்க்ரீன் போடுவோம். குன்னத்தூர்ப் பக்கம் வேதக்காரக் குடும்பம், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். இங்கே வருவதற்கு முன்னால் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். தப்பைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. ஒருதரம் பையர் வேண்டுமென்றே எழுத்தைக் கலைத்து எழுதியிருந்த இங்கிலீஷ் வார்த்தையை, பாவம் தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று இவர் திருத்தி அடிக்கக் கொடுத்துவிட்டார். அந்தப் பீஸ் எல்லாம் திரும்பி வந்தது. "இன்னொரு தடவ உன்ர திருத்தற புத்தியக் காட்டினயின்னா, சாப்பாட்டுக் கூடைய எடுத்துட்டு நேரா ஊட்டுக்குப் போயிரு" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் சொன்னார். அற்புதராஜின் மகள் நர்ஸிங் சேர்ந்த வருஷம் அது. அந்த வேலை போனால் அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம் நாலஞ்சு வருஷம் கழித்து இருக்கும். ஒரு நாள் காலையில் அண்ணன் கையில் ஒரு கவரோடு வந்தார். வெளிநாட்டில் ஒரு பெரிய ஊர், அந்த ஊர்ப் பேர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. அங்கே ஓவியம், சிலை எல்லாம் வைக்கிற மியூசியம் ஒன்று இருக்கிறதாம். புதுசாக ஒரு ஹால் கட்டி, புதுசாக வந்து சேர்ந்த பொருள்களை அதில் வைக்கிறார்களாம். ஹால் திறக்கிற அன்றைக்கு, உள்ளேயே இருக்கிற கடையில் அந்தப் பொருள்களின் படம் போட்ட டீ-ஷர்ட் தயாராக இருக்க வேண்டும். அந்தப் படம் அடிக்கிற வேலைதான் எங்களுக்கு. இது ஒழுங்காகப் போனால் அந்த எக்ஸ்போர்ட் கம்பெனி தொடர்ந்து வேலை கொடுக்கும்.

அண்ணன் போட்டோக்களை டேபிளில் பரப்பினார். ஒரு நீல ஜாடி. ஒரு மரக்குதிரை. தட்டில் மூணு பேரிக்காய். அப்புறம் முழுக்க மஞ்சளடித்த ஒரு பெரிய பலகை, அதில் மூலையில் கறுப்பு பெயிண்ட் ஒழுகி நின்றிருந்தது.

மாரக்கா பேரிக்காயைத் தூக்கிப் பார்த்தாள். "ஏந் தம்பி அற்புதம், இந்தப் பேரிக்காய்க்கா ரூம் கட்டி ஏசி போடறாங்க?"

"பேரிக்காய்க்கு இல்லீங்க்கா. அத வரஞ்ச கைக்கு."

"அப்ப உன்ர கைக்கும் ஒரு ஃபேனாவது போடச் சொல்லு, அண்ணங்கிட்ட."

அந்த மஞ்சள் படத்தில்தான் முதலில் மாட்டினோம். செக்கிங்கில் தப்பு இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அம்பு முனை தப்பைக் காட்டும். அடித்த பீஸ் வந்ததும் எங்கள் டேபிள் பெண்கள் பார்த்தார்கள். மூலையில் கறுப்பு இங்க் ஒழுகியிருக்கிறது. ஒட்டு ஸ்டிக்கர். எல்லாப் பீஸிலும் அதே இடத்தில் ஒழுகியிருக்கிறதே என்று யாரும் யோசிக்கவில்லை. ஸ்க்ரீனில் ஓட்டை போலிருக்கிறது என்று பிரிண்டிங் ஆட்களைத் திட்டிக்கொண்டே மொத்தத்தையும் டேமேஜில் தள்ளிவிட்டார்கள்.

மத்தியானம் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து மெர்ச்சண்டைசர் திவ்யா வந்தது. இருபத்தஞ்சு வயசுக்குள் இருக்கும், சூட்டிகையான பிள்ளை. பையருக்கும் எங்களுக்கும் நடுவில் எல்லாம் அது மூலமாகத்தான். டேமேஜ் குவியலில் ஒரு பீஸை எடுத்துப் பார்த்தது. அப்புறம் ஒரு பண்டல் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தது.

"அக்கா, அந்த ஒழுகல் ஒரிஜினல்லயே இருக்குதுங்க. அந்த ஒழுகலுக்காகத்தான் அவங்க அதையே வாங்கியிருக்காங்க."

"அப்படியா கண்ணு? எங்கூட்டுக்காரர் பொங்கலுக்குச் செவுத்துக்கு அடிச்சதுல இதவிட நல்லா ஒழுகியிருக்குது. வேணுமான்னு கேட்டுச் சொல்லு" என்றாள் மாரக்கா.

அண்ணன் சிரிக்கவில்லை. போட்டோக்களை எல்லாம் என் டேபிளுக்கு மேலே கம்பியில் க்ளிப் போட்டுத் தொங்கவிட்டார். "ஏம்மா சரசு, எல்லாரும் கேட்டுக்குங்க. இந்தப் போட்டோவுல இருக்கறது எதுவும் தப்பில்ல. இந்தப் போட்டோவுல இல்லாதது எதுவா இருந்தாலும் தப்பு. அவ்வளவுதான் கணக்கு."

இந்த ஒரு பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூளி

கடைசி டிசைன் மட்டும் தாமதமாக வந்தது. திவ்யாதான் கொண்டுவந்து கொடுத்தது. கவரைப் பிரித்ததும் டேபிளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

கறுத்த கல்லில் அம்மன். நம் பக்கத்துச் சிலைதான், பார்த்தவுடன் தெரிந்துவிடும். இடது கையில் தாமரை மொட்டு. கண் பாதி மூடி, உதட்டில் சிரிப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத முகம். வலது கை முழங்கையோடு சரி. அதற்குக் கீழே உடைந்து, உள்கல் வெளுப்பாகத் தெரிந்தது.

"அய்யோ, மூளியா நிக்கறாளே" என்றாள் மாரக்கா. அவள் கேலி எல்லாம் அந்த நிமிஷமே போய்விட்டது.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பின்னமான சிலையைக் கும்பிட வைக்க மாட்டார்கள். வீட்டில் சாமி படத்துக் கண்ணாடி விரிசல் விட்டால்கூட அன்றைக்கே எடுத்துவிடுவோம். இங்கே உடைந்துபோன அம்மனைப் படமாக அடித்து ஊரெல்லாம் போட்டுக்கொள்ளக் கொடுக்க வேண்டும். எந்தக் கோயிலில் இருந்து போனாளோ, விளக்கில்லாமல் எத்தனை காலம் நின்றாளோ என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டு, "தாயே, ஆராச்சும் கால்ல உழுந்தா தூக்கி உடறதுக்குக்கூடக் கையில்லாம நிக்கறயே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அற்புதராஜ் ஃபிலிமுக்காகப் போட்டோவை வாங்க வந்தவர், பக்கத்தில்தான் நின்றார். வாங்கிக்கொண்டு போனார். ஃபிலிம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் அதையும் கம்பியில் தொங்கவிட்டேன்.

அடிக்கிற அன்றைக்கு பிரிண்டிங் ஆட்கள் டேபிளுக்குச் சூடம் காட்டினார்கள். வழக்கமாக முதலில் பழைய துணியில் அடித்துப் பார்த்துவிட்டு, அதே துணியில் மெஷின் ஆயிலைத் துடைப்பார்கள். அன்றைக்கு அப்படிச் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை. அம்மன் விழுந்த பழந்துணி எல்லாவற்றையும் மடித்துத் தனிப் பையில் போட்டு, செவ்வரளிச் செடிக்கு அடியில் குழி எடுத்து வைத்தார்கள். பிரிண்டிங்கில் இருந்த ஹிந்திக்காரப் பையன்களும் சேர்ந்துதான் செய்தார்கள். யாரும் அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

போட்டோவில் இல்லாதது

மறுநாள் காலை அடித்த பீஸ் கட்டு என் டேபிளுக்கு வந்தது. சந்தனக் கலர் துணியில் அம்மன் அப்படி விழுந்திருந்தாள். முதல் பீஸை எடுத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ரெண்டாவது பீஸ் எடுக்கும்போதுதான் கவனித்தேன். அவளுக்கு வலது கை இருந்தது.

பயப்படாதே என்று சொல்கிற மாதிரி விரித்துக் காட்டிய கை. விரல் நுனியில் நகம்கூட இருந்தது. வளையல் இடது கை வளையலுக்கு இணையாக இருந்தது. சிலை செய்தவனே செய்த கை மாதிரி, எங்கே பழசு முடிகிறது, எங்கே புதுசு ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத வரவில்லை. மேலே கம்பியைப் பார்த்தேன். போட்டோவில் அம்மன் மூளியாகவே நின்றாள்.

போட்டோவில் இல்லாதது எதுவாக இருந்தாலும் தப்பு. சிவப்பு ஸ்டிக்கரை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்பு முனையை அம்மன் உள்ளங்கையைப் பார்த்து ஒட்ட வேண்டும். என்னால் முடியவில்லை. ஒட்டாமல் விட்டால் இது தைத்துப் பேக்காகிக் கப்பலேறிவிடும், அங்கே போய்த்தான் வெடிக்கும். ஒட்டினால் அற்புதராஜ் இன்றைக்கே வீட்டுக்குப் போவார். பிரிண்டிங் ஆட்களுக்கும் கை கண்ணில் பட்டிருக்கிறது. நல்லா இருக்குது என்றுதான் எல்லாரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஸ்டிக்கரோடு அவர் ரூமுக்குப் போனேன்.

"அற்புதம், இது என்னுங்க?"

அவர் பீஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சுண்டு விரல் கொஞ்சம் தடிச்சுப் போச்சுங்க்கா."

"நான் அதக் கேக்கலீங்க."

"தெரியுங்க்கா." மவுஸை அப்படியும் இப்படியும் நகர்த்திக்கொண்டே இருந்தார். "எங்க கோயில்ல மாதா சுரூபத்துக்கு ஒருக்கா வெரல் உடஞ்சுபோச்சு. எங்கப்பன்தான் ராத்திரியெல்லாம் உக்காந்து மாவு வெச்சு ஒட்டினாரு. நீங்க அன்னிக்கு அப்படிச் சொல்லி அழுதப்ப, நம்மகிட்டக் கம்ப்யூட்டர் இருக்குது, ஒரு கை போட்டுக் குடுத்தா என்ன கொறஞ்சு போகுதுன்னு நெனச்சுட்டனுங்க்கா. வேணும்னு பண்ணலீங்க."

"வேலை போயிருமுங்களே."

"போட்டோ கம்பியில தொங்குதே, அக்கா பாத்துருவாங்கன்னு எனக்கும் தெரியுங்க. ஆனா வரஞ்சதுக்கப்புறம் அழிக்க மனசு வரலை."

ஸ்டிக்கரை என் விரலில் இருந்து அவரே எடுத்துத் தன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டார். "நீங்க ஒட்ட வேண்டாங்க்கா. நானே போயிச் சொல்லிக்கறேன்" என்று ஓனர் ரூமுக்கு நடந்தார்.

அண்ணன் சத்தம் பீஸ் காய வைக்கிற க்யூரிங் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "நீ இன்னும் போர்டு எழுதறவனாவே இருக்கறயா அற்புதம்? சாமிக்கே திருத்தம் போடற அளவுக்கு வந்துட்டயா? கெளம்பு." அற்புதராஜ் சாப்பாட்டுக் கூடையோடு வெளியே வந்து, கிளம்பாமல் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார்.

பதில்

திவ்யா வந்தது. பீஸைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைக்கும் திட்ட வாய் வரவில்லை. "ரொம்ப அழகா இருக்குதுங்க்கா. நான் போட்டோ எடுத்து மெயில் போடறேன். ஒருவேளை ஒத்துக்கிட்டாலும் ஒத்துக்குவாங்க" என்றது.

அன்றைக்கு நான் எத்தனை சாமிக்கு வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதீர்கள். மாரியம்மனுக்கு மாவிளக்கு என்றேன். அற்புதராஜுக்காக மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் பதில் வந்தது. திவ்யா டேபிளுக்கு வந்து தமிழில் சொன்னது. "கோவிக்கலைங்க்கா. வரஞ்சவர் யாருன்னு கேட்டிருக்காங்க. ஆனா ஒத்துக்க முடியாதாம். எங்ககிட்ட எப்படி வந்துச்சோ அப்படியேதான் காட்டுவோம், இல்லாததச் சேத்தினா அது வேற செலையாயிரும்னு எழுதியிருக்காங்க."

மாரக்கா போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவுஞ் செரிதான்" என்றாள். "கையப் போட்டு உட்டுட்டா, இவ கை எங்கீன்னு ஆரு கேப்பாங்க?"

எனக்கு அந்த வார்த்தை உள்ளே போய் இறங்கியது. நாங்கள் அவளுக்குக் குறை தீர்த்ததாக நினைத்தோம். அவளை உடைத்தவனுடைய தடயத்தையும் சேர்த்தே அல்லவா மூடியிருக்கிறோம்? எந்த ஊரிலோ, எந்த மண்ணுக்குள்ளேயோ அந்தக் கை கிடக்கிறது. அது கிடக்கிறது என்று சொல்ல அவளிடம் இருந்த சாட்சி அந்த உடைப்பு ஒன்றுதான்.

திரும்ப அடிக்கலாம் என்றால் அந்தச் சந்தனக் கலரில் வேறு துணி இல்லை. சாயம் போட்டு வருவதற்குள் கப்பல் போய்விடும். அண்ணன் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம், "கை வெறுந்துணி மேலதான் இருக்குது. ஸ்பாட் கன்ல அடிச்சு எடுத்துரலாம்" என்றார். "எடுத்துட்டா அற்புதமும் இருக்கட்டும், நானும் இருக்கறேன். இல்லீன்னா ரெண்டு பேரும் சேர்ந்து போர்டு எழுதப் போறோம்."

மாரக்கா கன்னைக் கீழே வைத்தாள். "அண்ணா, புள்ள குட்டி பெத்தவ நானு. கறைய எடுக்கச் சொல்லுங்க, எடுக்கறேன். அம்மன் கைய எடுக்கச் சொல்லாதீங்க."

அன்றைக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் வந்து உட்கார்ந்திருந்த அற்புதராஜ் உள்ளே வந்தார். "நான் போட்டதுங்க. நானே எடுக்கறேன்." ஆனால் அவருக்குக் கன் பிடித்துப் பழக்கம் இல்லை. கிட்டே வைத்து அடித்துவிட்டார். பீஸில் ஓட்டை விழுந்தது. ரெண்டாவதிலும் ஓட்டை.

அங்கே இருந்தவர்களில் கன் பிடிக்கத் தெரிந்த இன்னொருத்தி நான்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

வெளியே குழாயில் கை, கால், முகம் கழுவிக்கொண்டு வந்தேன். திருநீறு பூசினேன். பீஸை விரித்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "தாயே, இது உன்ர கையில்ல. உன்ர மேல இருக்கற பாசத்துல நாங்க போட்ட கை. எங்க கையத்தான் நாங்க எடுத்துக்கறோம். நீ ஒண்ணும் நெனச்சுக்காத."

அடித்தேன். விரல்கள் முதலில் கரைந்தன. அப்புறம் உள்ளங்கை, வளையல். உடைந்த இடம் வந்ததும் நிறுத்தினேன்.

நாலஞ்சு பீஸ் ஆனதும் மாரக்கா வந்து என் எதிரில் நின்று துணியின் ரெண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்தாள். "கன்னத் தொடமாட்டேன். துணிய மட்டும் புடிச்சுக்கறேன். சரசு, மாஸ்க்கைப் போடு. அழுகறதுன்னா வெளிய போயி அழுதுட்டு வா, பீஸ் நனையுது."

அந்தக் கட்டுகள் முடிகிற வரைக்கும் நாங்கள் ரெண்டு பேரும் எதிர் எதிரேதான் நின்றோம். அற்புதராஜ் ஒவ்வொரு பீஸாக எடுத்துக் கொடுத்தார். தான் வரைந்ததைத் தானே எடுத்துக் கொடுப்பது எப்படி இருந்திருக்கும் என்று நான் கேட்கவில்லை.

நிழல்

கன் அடித்து எடுத்தாலும் இங்க் முழுசாகப் போகாது. எட்ட நின்றால் தெரியாது. டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்தால் லேசாக ஒரு நிழல் நிற்கும். அம்மனின் உடைந்த முழங்கைக்குக் கீழே, விரித்த ஒரு கையின் நிழல் எல்லாப் பீஸிலும் நின்றது.

கணக்குப்படி அதுவும் தப்புதான், போட்டோவில் இல்லாததுதான். நான் மறைக்கவில்லை. திவ்யா ஃபைனல் செக்கிங் வந்தபோது லைட்டுக்கு முன்னால் பிடித்து நானே காட்டினேன்.

அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் பார்த்தது. "ஒரு வாஷ்ல போயிரும்ங்க்கா" என்று கையெழுத்துப் போட்டது.

"போயிருங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"தெரியலீங்க்கா" என்றது மெதுவாக.

சரக்கு போய்ச் சேர்ந்தது. வேலையும் தொடர்ந்து வந்தது. அற்புதராஜ் அந்த யூனிட்டிலேயே இருந்து மகளைப் படிக்க வைத்தார். இன்றைக்கு அந்தப் பெண் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறது. சட்டைப் பையில் ஒட்டிக்கொண்ட அந்தச் சிவப்பு ஸ்டிக்கரைக் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருந்தார். திருத்தக் கை அரிக்கிறபோதெல்லாம் அதைப் பார்த்துக்கொள்வாராம்.

ஹால் திறந்த பிறகு எடுத்த ஒரு போட்டோவை திவ்யா கொண்டுவந்து காட்டியது. கண்ணாடிப் பெட்டிக்குள் அவள் நிற்கிறாள். முன்னால் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை, அவளுக்கு இல்லாத கையை விரலால் சுட்டிக்காட்டி அம்மாவிடம் ஏதோ கேட்கிறது. மாரக்கா அதைப் பார்த்துவிட்டு, "கேளு கண்ணு, நல்லாக் கேளு" என்றாள்.

செக்கிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நம் கண்ணுக்கு எது இருக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அதைப் பார்க்கக் கூடாது. எது இருக்கிறதோ அதைப் பார்க்க வேண்டும். பக்தியிலும் அப்படித்தான் என்று எனக்கு அன்றைக்குப் பிறகு தோன்றிவிட்டது. இப்போதும் கோயிலில் கண்ணை மூடாமல், அவள் எப்படி நிற்கிறாளோ அப்படியே பார்த்துத்தான் கும்பிடுகிறேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், எனக்குச் சந்தோஷம்தான். சொல்லும்போது எப்படி வந்ததோ அப்படியே சொல்லுங்கள். அந்த நிழல் துவைக்கத் துவைக்கத் தெளிவாகிக் கையாக நின்றது என்றோ, அம்மன் என் கனவில் வந்து சிரித்தாள் என்றோ சேர்த்துவிட வேண்டாம். கனவில் வரவில்லை. அந்த நிழல் போனதா, இருக்கிறதா என்றும் எனக்குத் தெரியாது. நான் எழுதினதும் அங்கங்கே மூளியாகத்தான் இருக்கும். தயவுசெய்து அதில் யாரும் கை வைக்காதீர்கள்.